நகல் எடுக்காத ஆசை

அண்ணே,

காலை பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. அரை மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்த பக்கம் திரையோடு சேர்ந்து இருட்டாகிவிட்டது. சேமித்திருந்தேனா? இல்லை. உடனே உங்கள் குரல்தான் காதில் வந்து நின்றது. "கரண்ட நம்பாத தங்கச்சி. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சேவ் பண்ணு. ரெண்டு எடத்துல வையி. ஒரு எடத்துல இருக்கிறது இல்லாததுக்குச் சமம்."

"போங்கண்ணே, பெருசாச் சொல்ல வந்துட்டீங்க!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். நீங்கள் எனக்கு வேலை பழக்கிய இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அந்த நேரம் வேறு யாரும் இல்லை.

அழிந்துபோனது என்ன தெரியுமா? உங்கள் கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டிய வாசகம். வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். அண்ணி கைப்பட எழுதித் தந்த தாளை, கல் வெட்டுகிறவருக்காக நான் தட்டிக் கொடுக்க வேண்டும். அன்புக் கணவர் இருக்கிறது. பாசமுள்ள தந்தை இருக்கிறது. சபையின் இசை ஊழியர் என்பதும் இருக்கிறது. யாருடைய மகன் என்பது மட்டும் இல்லை. அதை நானும் வாயை மூடிக்கொண்டு அப்படியே தட்டினேன் பாருங்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மறுபடி தட்டக் கை வராது. கரண்ட் வரும்வரை பேனாவால் உங்களைத் திட்டித் தீர்க்கப் போகிறேன்.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தீர்களே! யாராவது பட்டியலில் இரண்டு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டால், "இந்தப் பாவத்த யாரு செஞ்சது?" என்று ஆபீசே அதிரும். கொழும்பிலிருந்து புது மென்பொருள் வந்தது நினைவிருக்கிறதா? குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அது அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு ஏது குடும்பப் பேரு? அப்பா பேரப் போடு. முழுசாப் போடு, மொதல் எழுத்தோட நிப்பாட்டாத" என்று தோட்டத்து ஜனம் முழுவதற்கும் என்னைத் தட்ட வைத்தீர்கள். உங்கள் பதிவில் மட்டும் வெறும் புள்ளி. கேட்டதற்கு, "மெசினுக்கு அது போதும்" என்றீர்கள்.

அடுத்தது உங்கள் பாட்டுக் கதை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நீங்கள் கீபோர்ட் வாசித்தால் இடது கை சும்மா இருக்காது. கீர்த்தனைக்கு அடியில் ஏதோ ஒன்று துள்ளும். முகத்தை இறுக்கமாக வைத்திருக்கும் பெரிசுகள்கூடப் பெஞ்சுக்குக் கீழே கால் ஆட்டும். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் ஒரு நாள் ரேடியோ என்பீர்கள், இன்னொரு நாள் சிங்கள பைலாப் பாட்டு என்பீர்கள், மறு வாரம் இந்திப் பாட்டு என்பீர்கள். பொய். அத்தனையும் பொய்.

உண்மை, வட்டகொடை வளைவில் உங்கள் பச்சைக் காருக்கு அடியிலிருந்து வந்தது. பஸ் வராத நாட்களில் என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போவீர்கள். அன்றைக்கு சைலன்சர் கழன்று தார் ரோட்டில் கரகரவென்று இழுபட்டது. கராஜில் மெக்கானிக் பாஸிடம் விடலாம் என்றால் கேட்கிற ஆளா நீங்கள்? "அவனுங்க நல்லா இருக்கிறதயும் கழட்டிப் போட்டுருவானுங்க." மாலை நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கியிருந்தது. சாக்கை விரித்து மல்லாந்து படுத்தீர்கள், நான் டோர்ச் பிடித்தேன்.

"கெட்டுப்போன எடத்துல தட்டுனா சத்தம் செத்துக் கெடக்கும், கேளு" என்று ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனீர்கள். பிறகு மறு கையில் ஸ்குரூடிரைவரும் சேர்ந்துகொண்டது. தட்டல் தாளமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் இடது கையில் துள்ளுவது அதேதான். எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"இது எங்கப்பா அடி. பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு மோளம் அடிச்சவரு. விடியக்காலம் அதக் கேட்டுத்தான் லயத்து வீட்டு ஜனமே எந்திரிச்சு வேலைக்குப் போவும்." உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. "நான் செத்தா, பெட்டியத் தூக்குறப்ப தப்பு அடிக்கணும் தங்கச்சி. பாட்டுப் பாடட்டும், ஜெபம் பண்ணட்டும், வேணாங்கல. தூக்குறப்ப மட்டும்."

"அண்ணிக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"டோர்ச்ச நேராப் புடி. கண்ணுல அடிக்குது."

அதோடு சரி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள். எழுதி வைத்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு வரி! கொழுந்து நிறைப் பட்டியலுக்கு இரண்டு நகல் கேட்ட மனிதர், இதை மட்டும் என் ஒருத்தி தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே.

சாவு வீட்டில் நடந்ததையும் கேளுங்கள். கீழ் லயத்திலிருந்து இரண்டு பேர், யாரும் கூப்பிடாமலே, தப்போடு வந்தார்கள். ரோட்டோரம் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சபை மூப்பர் அவர்களிடம் போனார். "இது கிறிஸ்தவச் சாவுப்பா. இந்தச் சத்தமெல்லாம் இங்க வேணாம், போங்க." பத்தடி தள்ளி நான் நின்றிருந்தேன். உங்கள் ஆசை இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். காரில் கூடப் போய் வந்தவளுக்கு வீட்டுக்காரிக்குத் தெரியாததெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று நாலு பேர் பேசுவார்கள் என்ற பயம். பெட்டியைத் தூக்கினார்கள். அந்த இரண்டு பேரும் தீயை மிதித்து அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கரண்ட் இன்னும் வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போகிறேன். இன்றைக்கும் விட்டால் கல்லிலும் அந்தப் புள்ளிதான்.

மாலையாகிவிட்டது, அண்ணே. இப்போதுதான் வந்தேன்.

உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கார், சைலன்சர், உங்கள் அப்பா, தப்பு, எல்லாம். அண்ணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்மா. எங்கிட்டயும் சொல்லியிருந்தாரு. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருந்த வீட்டாளுங்க அன்னைக்கு வாசல்ல நின்னாங்க, தப்படிக்கிறவரு குடும்பம்னு தெரிஞ்சிருமோன்னு எனக்கு வாயே வரல. அந்தப் பேச்சும் பொறவு நின்னு போச்சு." தாளை மேசையில் விரித்து வைத்தார். "'நீ பயந்துட்டாலும் ஆபீஸ் தங்கச்சி சொல்லும்'னாரு. நீ சொல்லுவேன்னுதான் உன்னயே பாத்தேன்."

ஆக, இரண்டு இடத்தில்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஊமையாகிப் போனதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு வருடமாக உங்களைத் திட்டியிருக்கிறேன். ஆத்திரம் இன்னும் தணியவில்லை. ஆனால் அதை இனி உங்கள் மேல் காட்ட எனக்கு முகமில்லை.

அண்ணி என் பேனாவை வாங்கி, உங்கள் பெயருக்கு மேலே உங்கள் அப்பாவின் பெயரை எழுதினார். முழுசாக எழுதினார். பிறகு கேட்டார்:

"அந்த அடி எப்படிம்மா இருக்கும்? எங்கிட்ட சொன்னதோட சரி, அடிச்சுக் காட்டல."

இரண்டு கரண்டியை எடுத்து மேசையில் அடித்தேன். ஆத்திரத்தோடு அடித்ததில் கோப்பை ஆடித் தேத்தண்ணி சிந்திவிட்டது. அண்ணி துடைக்க எழும்பவில்லை.

"இன்னொருக்கா அடி" என்றார். அடித்தேன்.