கவிழ்ந்து தொங்கிய கப்பல்கள்

ஏளா,

இன்று காலை அப்பா ஆபீசிலிருந்து பழைய தாள்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கயிற்றை அவிழ்த்ததும் அந்த வாசனை: பழங்காகிதமும் துறைமுகத்து நிலக்கரித் தூசியும் கலந்தது. முதல் தாளை மடித்து முடிப்பதற்குள் விரல் நுனி கறுத்துவிட்டது. நீ அந்தக் கையோடுதான் மூக்கைச் சொறிவாய். கரிமீசையோடு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைவாய். எனக்கு ஒருநாளும் அதைச் சொல்ல மனசு வந்ததில்லை.

நம் கல்லூரிக் கூட்டத்தில் மடிக்கத் தெரியாதவள் நீ ஒருத்திதான், தலைவியும் நீதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து, அப்பாவின் துறைமுகச் சரக்குக் கிளியரிங் ஆபீஸ் கழித்துப்போட்ட தாள்களைக் கொக்கும் பூவுமாக மடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். உன் கொக்கு கோழி மாதிரி இருக்கும். யாராவது சொன்னால், "கோழியப் பாத்தா மட்டும் நோயாளி அழுதுருவானா?" என்பாய்.

அந்த ஞாயிறு கப்பல்தான் என்று நீயே முடிவு செய்தாய். எலும்பு முறிவு வார்டில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள், கப்பலைப் பார்த்தால் மனசு குளிரும் என்பது உன் கணக்கு. கப்பல்களை நூலில் சரமாகக் கோக்கும்போது உச்சியில் ஊசி போட்டால் தாள் கிழிந்தது. "அடியிலதான் மடிப்பு கனமா இருக்கு, அங்கன போடு" என்றாய். நீ கடலில்லாத ஊரான நாசரேத்துக்காரி. எங்கள் வீட்டிலோ கப்பல் என்பது அப்பா கையெழுத்து வாங்கும் தாளில் மட்டும். நம் இருவருக்குமே உறைக்கவில்லை.

வார்டு வாசலில் புன்னைக்காயல் அக்கா ஒருத்தி நம்மை நிறுத்தினாள். அவள் புருஷனுக்குப் படகுகளுக்கு நடுவே கால் சிக்கி எலும்பு நொறுங்கியிருந்தது. "ஆபரேசன் பண்ணலன்னா நடக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. இவரு வாயத் தொறக்காம மூஞ்சியத் திருப்பிக்கிடுதாரு. நீங்களாவது பேச்சுக் குடுங்க" என்றாள். நீ பெரிய மனுஷி போலத் தலையாட்டினாய்.

ஜன்னலுக்கு ஜன்னல் நூல் கட்டி, அவர் கட்டிலுக்கு மேலாகச் சரத்தைத் தொங்கவிட்டோம். அந்த அக்கா அண்ணாந்து பார்த்தாள். முகம் மாறியது.

"ஏளா, கடலுக்குப் போற மனுசன் தலைக்கு மேல கப்பலக் கவுத்தா கட்டுவீங்க? மாதாவே, அவுத்துப் போடுங்க."

வார்டு முழுக்க நம்மைத் திரும்பிப் பார்த்தது. நான் நைசாக வெளியே நழுவப் பார்த்தேன். நீ என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து மேலே பார்த்தாய். "ஆமாக்கா. எல்லாம் கவுந்துல்லா கெடக்கு" என்றாய். அப்புறம் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கட்டிலிலிருந்து ஒரு குரல். "மொத்தமும் ஒரே காத்துல போயிருக்கு. ஒண்ணாவது தப்பிச்சிச்சா?"

"நான் கட்டுனதுல ஒண்ணும் தப்பாது அண்ணாச்சி" என்றாய்.

அவர் சிரித்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே எழுந்து சாய்ந்து, ஊசியைக் கேட்டார். இரண்டு முனையிலும் நூல் கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும் என்று செய்து காட்டப் போய், அவரும் நாலைந்தைக் கிழித்தார். "வலை முடிஞ்ச கையா இது?" என்று நீ கேட்க, பக்கத்துக் கட்டிலும் சேர்ந்துகொண்டது. அந்தக் கலகலப்புக்கு நடுவே, கோப்பதை நிறுத்தாமலே கேட்டாய்: "அண்ணாச்சி, ஆபரேசன்னா பயமா இருக்கா?"

அவர் ஊசியைத் தலையணைமேல் வைத்தார். "மயக்க மருந்து குடுத்தா முழிக்காமலே போயிருவனோன்னு இருக்கு" என்றார். அவர் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நீ அறிவுரை சொல்லவில்லை. "எனக்கு ஊசின்னாலே பயம் அண்ணாச்சி. பெறவு எங்கம்மா கையப் புடிச்சிக்கிடுவா" என்றாய். அவர் மனைவியைப் பார்த்தார். "டாக்டர வரச் சொல்லு" என்றார். திரும்பிவரும் வழியெல்லாம் நீ பஸ்ஸில் பாடிக்கொண்டு வந்தாய், சகிக்கவில்லை.

சில மாதம் கழித்துக் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. அதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது, உன்மேலும்.

நாசரேத்தில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. சாயங்காலம் அவர் வந்தார், புன்னைக்காயலிலிருந்து பஸ் மாறி, மனைவியோடு. லேசாகக் காலைச் சாய்த்து நடந்து வந்து, யார் துணையும் இல்லாமல் படி ஏறினார். உன் அம்மா முன்னால் உட்கார்ந்து, என்ன பேசுவதென்று தெரியாமல், அன்றைக்கு நடந்ததை அப்படியே சொன்னார். நான் கட்டுனதுல ஒண்ணும் தப்பாது என்று நீ சொன்ன இடத்தில் உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்கள். பந்தலில் இருந்த எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, போதகர் உட்பட. எனக்கு அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்றைக்கும் அதே வரிசைதான். உன்னை நினைத்தால் முதலில் சிரித்துவிடுகிறேன்.