பெருமூச்சு விடும் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்:
குவாதா ஹிசாஷி (வயது 37),
குவாதா சலவையகம்,
துறைமுகத் தெரு, கசாஹாமா.

பெறுநர்:
திரு. ஒனோதெரா அவர்கள்,
தலைவர், சுற்றுலாப் பிரிவு,
நகராட்சி அலுவலகம், கசாஹாமா.

பொருள்: சித்திரக்கதை விழாவில் அலைதடுப்புச் சுவர்மீது நின்று பெருமூச்சு விடும் பணியிலிருந்து என்னை விடுவித்து, அதற்குப் பதிலாகக் கதாசிரியை அவர்களை ரயில் நிலையத்தில் வரவேற்கும் பணியை எனக்கு அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ‘அலைகளுக்கு அப்பால் உன் வகுப்பறை’ என்னும் காதல் சித்திரக்கதையால் நம் ஊருக்குப் பெயர் கிடைத்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது வெளிவருவதற்கு முன் இங்கே ஒரு வெளியூர்க்காரர் இறங்கினால் அவர் தூங்கிப்போய் ஸ்டேஷனைத் தவறவிட்டவராகத்தான் இருப்பார். அந்தக் கதையில் முகாய் என்று ஒருவன் வருகிறான். கதாநாயகன் ரெய்ஜியின் நண்பன், சலவைக்கடைக்காரர் மகன். கதாநாயகிமேல் ஆசை வைத்து, அதை யாரிடமும் சொல்லாமல், தன் மெலன் ரொட்டி என்னும் இனிப்பு ரொட்டியையும் நண்பனுக்கே கொடுத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் நெஞ்சில் கை வைத்தபடி ஓரமாக நிற்பான். முழுக்கதையிலும் அவனுக்கு வேலை அவ்வளவே. அந்த முகாய் நான்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மூக்கு என்னுடையது, காது என்னுடையது, கடை என் அப்பாவுடையது. மறுத்துப் பார்த்தேன், எடுபடவில்லை.

2. சென்ற ஆண்டு தங்கள் பிரிவு, நெஞ்சில் கை வைத்த முகாயின் ஆளுயர உருவப் பலகை ஒன்றை என் கடை வாசலில் நட்டது. அன்றுமுதல் வாசகர்கள் கூட்டமாக வந்து பலகையோடு படம் எடுத்துக்கொண்டு, பிறகு உள்ளே வந்து எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். நான் நீராவி இஸ்திரியைக் கையில் பிடித்திருக்கும்போது தோளைத் தட்டி, “விடு முகாய் தம்பி, உன் நல்ல மனசுக்கு வேற ஒருத்தி வருவா” என்கிறார்கள். சிலர் அழுகிறார்கள். எல்லோரும் மெலன் ரொட்டி கொண்டுவருகிறார்கள். எனக்கு மெலன் ரொட்டி பிடிக்காது. பள்ளிக்கூட நாட்களில் அதை நண்பர்களுக்குக் கொடுத்ததே அதனால்தான். கூட்டத்தில் வாடிக்கையாளர்கள் நுழைய முடிவதில்லை. தங்கள் வெள்ளைச் சட்டைகளைக்கூடப் பின்வாசல் வழியாகக் கொடுத்தனுப்ப நேர்ந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

3. இதில் எனக்குள்ள மனக்குறை என்னவென்றால், நான் காதலிக்கவே இல்லை. கதாநாயகியைப் போல ஒரு பெண் எங்கள் வகுப்பில் இருந்ததில்லை. ரெய்ஜி யாரைப் பார்த்து வரையப்பட்டவன் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. மூன்று பேர் ஆளுக்கு ஆள் தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், மூவரையும் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆக, இல்லாத பெண்ணின்மேல் வைக்காத காதலில் நான் தோற்றுப்போனதாகப் பலகை நாட்டப்பட்டுள்ளது. என் தாயாரே இப்போது சோற்றுக் கிண்ணத்தை நீட்டும்போது, “டேய் ஹிசா, உண்மையைச் சொல்லு, யாருடா அந்தப் பொண்ணு? அம்மாகிட்டயாவது சொல்லித் தொலையேன்டா” என்று கேட்கிறார்.

4. முகாய் வகுப்பில் எப்போதும் ஜன்னல் பக்கமே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பதாக வரைந்திருப்பதையும் விளக்கிவிடுகிறேன். எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து எங்கள் கடை மொட்டைமாடி தெரியும். கடல் பக்கம் மேகம் கறுத்தால் துணி நனைந்துவிடும், அப்பாவுக்கு முழங்கால் வலி. நான் பார்த்தது போர்வைகளை.

5. இந்நிலையில், வரும் மே மாத விழாவில் பள்ளிச் சீருடை அணிந்து அலைதடுப்புச் சுவர்மீது நின்று, கதாநாயகன் கதாநாயகி சிலைகளின் திறப்பின்போது பெருமூச்சு விடும்படி எனக்குப் பணி ஒதுக்கப்பட்டது. தங்கள் அலுவலர் இனாபா நேரில் வந்து, “அண்ணே, மூச்சுதானே, காசா பணமா? மூஞ்சியைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கிட்டு நில்லுங்க, மத்ததை மைக்செட்காரர் பாத்துப்பார்” என்றார். ஊர் நன்மையை எண்ணி ஒப்புக்கொண்டேன். சீருடைக் கோட்டின் இடுப்பைப் பிரித்துத் தைத்தும் வைத்துவிட்டேன். பலகையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்பதே அப்போது என் எண்ணமாக இருந்தது.

6. போன வாரம் நகோயாவிலிருந்து ஒகுமுரா என்னும் அம்மையார் வந்தார். ஆண்டுதோறும் வருபவர், கண் மருத்துவமனையில் செவிலியர். அவர் ஆறுதல் சொல்லவில்லை, ரொட்டியும் கொண்டுவரவில்லை. கடைசித் தொகுதியைக் கல்லாமேல் விரித்து, முகாய் நெஞ்சில் கை வைத்து நிற்கும் கட்டத்தைக் காட்டி, “இத்தனை நாளா எல்லாரும் இவன் மனசு உடைஞ்சு நிக்கிறான்னு அழுதுக்கிட்டிருக்கோம். விரல் இடுக்குல பாருங்க. ரெண்டு நூல் தொங்குது. இங்க ஏங்க நூல் வருது?” என்று கேட்டார். பார்த்தேன். தொங்கியது.

7. பள்ளி இறுதி நாளில் பெண் பிள்ளைகள் தமக்குப் பிடித்த பையனிடம் அவன் கோட்டின் இரண்டாவது பொத்தானைக் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். நெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான் என்பார்கள். தாங்களும் கொடுத்திருப்பீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்று காலை நாற்காலி அடுக்குவதற்காகக் கோட்டைக் கழற்றி வகுப்பில் மாட்டிவிட்டுப் போய்த் திரும்பியபோது இரண்டாவது பொத்தான் இல்லை. இரட்டை நூலில் அம்மா தைத்தது, தானாக விழாது. நூல் அறுந்த நூலாகவும் இல்லை, கத்தரியால் வெட்டியது போல நறுக்கென்று இருந்தது. எவனோ விளையாட்டுக்குச் செய்தான் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளி நிறைவு விழா முழுவதும், வகுப்புப் படம் எடுத்தபோதும், அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, “சலவைக்கடைக்காரன் பையன் பொத்தான் இல்லாம ஊர் முன்னாடி நின்னியா? என் மானத்தையே வாங்கிட்டியேடா!” என்று குதித்தார். அன்றிரவே வேறு பொத்தான் தைக்கப்பட்டது. இந்த விஷயம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அப்பாவும் இப்போது இல்லை.

8. ஐயா, கைக்குப் பின்னால் பொத்தான் இல்லை என்பது, அதை எடுத்தவரைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

ஒகுமுரா அம்மையாரிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கதாநாயகன் மூஞ்சி பொம்மைக் கடையில வாங்கின மூஞ்சி. உங்க காது மட்டும் ஒவ்வொரு பக்கத்துலயும் அப்படியே உங்க காது. இதை வரைஞ்சவங்க ஒரு மனுசன் காதை இவ்வளவு நாள் பாத்து வெச்சிருக்காங்க, உங்களுக்குத் தெரியவே இல்லையா? நல்ல ஆளுய்யா நீங்க!” என்றார். இன்னொன்றும் காட்டினார். முகாய் ஜன்னலைப் பார்க்கும் கட்டங்களில் எல்லாம் ஜன்னலோரத்தில் பெயர் இல்லாத ஒரு பெண்ணின் தோள் மட்டும் தெரிகிறது. அவளுக்குக் கதையில் ஒரு வசனம்கூட இல்லை.

9. அன்று மாலையே வகுப்புத் தோழனும் முடிதிருத்துபவனுமான ஹொஷினாவிடம் போய், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது யார் என்று விசாரித்தேன். “வானிலை நிலையத்துக்காரர் பொண்ணுடா. நெகிஷி... நெகிஷி சாயோ. நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. எப்பப் பாரு நோட்டுல கிறுக்கிக்கிட்டே இருக்கும். அவங்க அப்பாவுக்கு மாத்தலாச்சு, பள்ளி முடிஞ்ச அன்னைக்கே ரயிலேறிட்டாங்க” என்றான். ஹானாமுரா ருரி என்னும் புனைபெயரில் வரையும் கதாசிரியை அவர்கள் வானிலை நிலைய அதிகாரியின் மகள் என்று தங்கள் விழா அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கிறது. நான் பல முறை படித்த அறிவிப்புத்தான்.

ஒரே வகுப்பில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளும் நான் துணியைப் பார்த்தேன். எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவர், இவன் தன்னைத் தாண்டி யாரையோ பார்க்கிறான் என்று எண்ணியிருக்கிறார். அந்த யாரோ ஒருத்தியைத்தான் கதாநாயகியாக்கிக் கதையாகவும் வரைந்துவிட்டார். இதை எழுதும்போது இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மனுவில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, பொறுத்தருள வேண்டும்.

10. ஆகவே அவர் கண்ணெதிரே, வேறொரு பெண்ணின் சிலையைப் பார்த்து, ஒலிபெருக்கியில் நான் பெருமூச்சு விடுவது இயலாத காரியம். என்னால் முடியவே முடியாது, ஐயா. ஊரை விட்டுப் போனபின் அவர் இங்கே வருவது இதுவே முதல் முறை. காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புகிறார். நடுவில் மேயரும் மலர்க்கொத்தும் கையெழுத்து வரிசையும் இருப்பதால், நிகழ்ச்சி நிரலில் ஒரு சலவைக்காரன் நுழைவதற்கு இடமே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து விழா மேடைவரை நடக்கும் நேரம் மட்டுமே மிச்சம். அதை விட்டால் எனக்கு வேறு நேரம் கிடையாது.

11. எனவே பெருமூச்சுப் பணியை ஹொஷினாவுக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். அவனுக்குக் கடன் இருக்கிறது, நன்றாகவே விடுவான். பலகை இருந்த இடத்திலேயே இருக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. வரவேற்புக்கு இனாபா அவர்கள் ஏற்பாடு செய்துள்ள நகராட்சிக் கார் வேண்டாம். கடற்கரை வழியாக நடத்திக் கூட்டிவருகிறேன், மழை வந்தால் குடை என் செலவு. கதையைப் பற்றியோ பொத்தானைப் பற்றியோ நானாக எதுவும் கேட்க மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன். நான் பார்த்தது துணியைத்தான் என்பதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டும்.

விருந்தினர் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்து நிற்க வேண்டும் என்பது தங்கள் பிரிவின் விதி என்று இனாபா சொன்னார். அந்த விதியைத் தளர்த்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு யோசித்தும் அவர் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இறங்குகிறவர்களில் அவர் யார் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் என்னை அவருக்குத் தெரியும். நான் நிலைய வாசலில் நின்றால் போதும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
குவாதா ஹிசாஷி
(ஒப்பமும் முத்திரையும்)

இடம்: கசாஹாமா
நாள்: ஏப்ரல் 9