பெரகல வரை தேடிப் போன பம்ப்

பசறை,
செப்டம்பர் 3

அன்பு மகள் சஜீவனிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் மூன்றாவதாக ஒருவர் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு இருக்கிறாரே, அவருடைய சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். நான் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் மூச்சு விட்டால்கூட என்ன சொல்கிறாள் என்று கேட்கிறவர். ஆகவே எழுதி, வியாழக்கிழமை மிலானுக்குத் திரும்பும் சதீஸ்குமார் கையில் கொடுத்து விடுகிறேன். மிளகாய்த்தூள் பொதிக்குள் வைத்திருக்கிறேன், தும்மாமல் படி.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் துரையின் அந்த ஜெர்மன் காரை உன் அப்பா பத்தொன்பது வருஷம் ஓட்டியது உனக்குத் தெரியும். தோட்டத்தில் புது ஜீப் வாங்கிப் பழைய மேசை நாற்காலிகளோடு காரையும் விற்றபோது, ஓய்வுக்காசு கையில் இருந்த மனிதர் வேறென்ன செய்வார், முப்பத்தெட்டு வயதான காரை மணமகளைப் போல வீட்டுக்கு அழைத்து வந்தார். நீயும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு சிவப்பு இதயம் போட்டாய். இதயம் போடுவது சுலபம் மகளே, பெட்டரி போடுவது நாங்கள்தானே. இந்த மாதிரி நம்பகமான வண்டி இனிமேல் உலகத்தில் செய்ய மாட்டார்கள் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொன்னார். உண்மைதான், அதை நிறுத்தவே முடியாது. சாவியைத் திருப்பிக் கையில் எடுத்த பிறகும் எஞ்சின் தன்பாட்டில் ஓடும். கோயில் திருநாளன்று வாசலில் நிறுத்திவிட்டு, புதுச் சட்டையோடு பொனட்டைத் திறந்து, உள்ளே எதையோ அமுக்கி அதை அடக்குவதற்குள் நற்செய்தி வாசித்து முடிந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது, பாதருக்கும் கேட்டது, பரலோகத்துக்கும் கேட்டிருக்கும். கதவுகளோ தங்களுக்கு இஷ்டமான நேரத்தில் பூட்டிக்கொள்ளும். இதெல்லாம் பெரிய வண்டிகளுக்கு உள்ள குணம் என்றார். நானும் பெரிய மனிதர்கள் சிலரை நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் பிரஷர் கிளினிக்குக்காக என்னைப் பதுளைக்கு ஏற்றிப் போனார். இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார், அது கல்லாக இருந்தது. இரண்டு காலையும் வைத்து மிதித்தார். கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, காரை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கி நிறுத்தினார். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக ஒரு கைக்குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. என் முழங்கால் முன்பலகையில் இடித்து வீங்கிவிட்டது. உன் அப்பா இறங்கி முதலில் முன் லைட்டைப் பார்த்தார், இரண்டாவதாகத்தான் என் முழங்காலைப் பார்த்தார். இந்த வரிசையை நான் மறக்கவில்லை.

பழைய கார்களை உடைத்துப் பாகம் விற்கும் ஸப்வானை உனக்கு நினைவிருக்கும், என்னிடம் புலமைப்பரிசில் வகுப்புக்கு வந்தவன். அவன்தான் பார்த்துச் சொன்னான், பிரேக்கை இலேசாக்குவது, எஞ்சினை நிறுத்துவது, கதவைப் பூட்டுவது எல்லாம் ஒரே ஒரு சின்ன வேக்கம் பம்பின் வேலையாம், அது செத்துவிட்டதாம். புதிது இங்கே கிடைக்காது, இதே இனத்துக் கார் எங்காவது உடைத்தால் அதிலிருந்து கழற்றிப் போட வேண்டும் என்றான். மகளே, இனிமேல் எழுதுவதைத்தான் போனில் சொல்ல முடியாது. மறுநாள் நான் நொண்டிக்கொண்டே தனியாக ஸப்வானிடம் போனேன். முதல் நாள் ராத்திரி தேடிப் பார்த்ததில் பம்ப் அவனிடமே கிடைத்திருந்தது. பண்டாரவளையில் உடைத்த ஒரு காரில் கழற்றியதாம், பிஸ்கட் பெட்டிக்குள் வைத்திருந்தான். அதை அப்பாவிடம் சொல்லாதே, இல்லை என்று சொல்லிவிடு என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "டீச்சர், பிலிப்பு அண்ணன் மொகத்தப் பாத்து எப்படி இல்லேன்னு சொல்றது?" என்றான். முகத்தைப் பார்க்க வேண்டாம், ஏதாவது ஒரு ஆணியைப் பார்த்துச் சொல் என்றேன். ஒரு பிள்ளைக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள் முப்பது வருஷத்துக்குப் பிறகு பொய்யும் சொல்லிக்கொடுத்துப் பாடத்திட்டத்தை முடித்து வைத்தேன்.

அதன் பிறகு இரண்டரை மாதம் உன் அப்பா அந்தப் பம்பைத் தேடினார். பதுளை, பண்டாரவளை எல்லாம் ஏறி இறங்கினார். கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போன் போட்டார், அங்கிருந்து ஒருவன் அனுப்பியது லொறிக்கு உரியதாக இருந்தது. ஓடாத காரைக் காலையில் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போர்த்தி வைப்பார். டவுனுக்குப் போனால் கார் எப்படி என்று கேட்பார்களே என்று டவுனுக்குப் போவதையே விட்டுவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் ஜெயித்த வீட்டில் சோறு இறங்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பெரகலயில் இதே கார் ஒன்று நிற்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலமான ஒரு டாக்டருடையதாம், அவர் மனைவி யாருக்கும் ஓர் ஆணிகூடக் கொடுப்பதில்லையாம். அந்தப் பெரிய வண்டிக்குப் பாகம் தேடி நாங்கள் மூன்று பஸ் மாறிப் போனோம். நான் ஏன் போனேன் என்று கேட்காதே, காரியத்தைக் கெடுக்கத்தான். அந்த அம்மாவின் பெயர் சரோஜாதேவி, யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளைகள் கனடாவில், பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். என் உதவி இல்லாமலே எல்லாம் கெடும் என்று பார்த்தால், அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதும், "நீங்கள் மரியாதையாக் கேட்டியள், எடுங்கோ" என்று கொட்டில் கதவைத் திறந்துவிட்டார். ஒன்பது வருஷமாக நின்ற கார். அப்பா பொனட்டைத் திறந்து, கையால் தடவி, நெடுநேரம் பார்த்தார். ஸ்பானரை எடுத்த நேரம் அந்த அம்மா, "இதைக் கழட்டினா இந்தக் கார் இனி ஓடாதோ?" என்று கேட்டார். எப்படியும் நின்ற கார்தானே அம்மா என்று சொன்னால் முடிந்தது. அப்படித்தான் அப்பா சொல்லுவார், நானும் பொய்க்காரி அவரும் பொய்க்காரர் என்று சரிக்குச் சரி ஆகிவிடலாம் என்று தேநீரும் கையுமாகக் காத்திருந்தேன். உன் அப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஓடாதுங்கம்மா. இப்ப இது முழு வண்டி. டயரும் பெட்டரியும் மாத்தி, டேங்க கழுவினா உங்கள ஏத்திக்கிட்டுப் போவும். நான் இத கழட்டினா அப்புறம் வெறும் இரும்புதான்" என்றார். அந்த அம்மா கிட்ட வந்து காரின் கதவில் கை வைத்தார். பிறகு, கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறித்தான் போகிறேன், எல்லாரும் இதை இரும்புக்குப் போடச் சொன்னார்கள், ஓடும் என்று ஒருவரும் சொல்லவில்லை என்றார். அப்பா பொனட்டை மூடிவிட்டு, அடுத்த கிழமை ஸப்வானைக் கூட்டிக்கொண்டு வந்து ஓட வைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார்.

சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அந்த மனிதரை அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பம்ப் ஸப்வானிடம் இருக்கிறது, நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிட்டேன். அவர் தேநீரை முழுக்கக் குடித்து, கிளாஸைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்து பஸ் ஏறினார். அப்புத்தளையில் பேசவில்லை, பண்டாரவளையில் பேசவில்லை. தெமோதரை தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே, "அன்னைக்கு பயந்துட்டியா?" என்றார். இரண்டரை மாதத்தில் அதை அன்றுதான் கேட்டார். ஆமாம் என்றேன். "நானுந்தான் பயந்தேன். ஓட்டுறவனே பயந்தேன்னு சொன்னா அப்புறம் நீ ஏற மாட்டேன்னுதான் சொல்லல" என்றார். பஸ்ஸில் ஆட்கள் நிறைய இருந்தார்கள், அதனால் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் போய்ப் பம்பை வாங்கிப் போட்டார். உள்ளே ஒளிந்துகொண்ட ஸப்வானைக் கூப்பிட்டு, டீச்சர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாராம். பெரகலக் காரையும் ஓட வைத்துவிட்டார்கள், அந்த அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போகிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற டிரைவருக்கு இப்போது இரண்டு கார், சம்பளம் மட்டும் கிடையாது. நம் காரைப் பதினொரு நாள் தனியாகவே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தார். என்னை ஏறச் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை கிளினிக் நாள். பஸ்ஸுக்குப் புறப்பட்டவள், நானே முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அவர் ஓட்டிய வேகத்துக்கு முச்சக்கரவண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "இப்ப பிரேக் போடப் போறேன்" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் மிதித்தார். பதுளை போய்ச் சேருவதற்குள் நாற்பத்து மூன்று தடவை, நான் எண்ணினேன். திரும்பி வரும்போது, இனிச் சொல்ல வேண்டாம், நீங்கள் போடுங்கள் என்றேன்.

சின்னவளுக்கு என் முத்தம். குளிர்காலக் காய்ச்சலுக்கான ஊசியை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். இதை வாசித்ததாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. அடுத்த முறை பேசும்போது வீல் கப் நாலு அங்கே கிடைக்குமா என்று கேட்பார். பொய் சொல்லும்படி இனி நான் யாரையும் கேட்க மாட்டேன், ஆகையால் அந்த நேரம் போனை மருமகனிடம் கொடுத்துவிடு, அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
முன் சீட்டில் போய் வரும் உன் அம்மா,
மரியகொரட்டி