செவ்வாய் ஏழு மணிக்கு எங்கள் வீடு

ஆகஸ்ட் 29, 2011, திங்கள்

மறுபடியும் ஊர்ப் பெயரை அழித்துவிட்டார்கள். மைதானத்துப் பார்வையாளர் மாடத்தின் மேல் ‘மெர்டன்’ என்று ஆறடி உயரத்தில் இருப்பதை வெள்ளையடித்து மூடி, தங்கள் தொடரில் வரும் இல்லாத ஊரின் பெயரை எழுதிக்கொள்கிறார்கள் டிவிக்காரர்கள். திங்களும் புதனும் படப்பிடிப்பு. வியாழக்கிழமை நாங்கள் ஏணி போட்டு ஏறி மறுபடியும் ‘மெர்டன்’ என்று எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு. பெற்றோர் சங்கத் தலைவி என்பதால் ஏணி உச்சியில் நான். கீழே ஏணியைப் பிடிப்பவள் கோச்சின் மனைவி மார்லா. பிடிப்பதாகப் பெயர், பாதி நேரம் போனில் பேச்சு.

டெக்ஸாஸில் எத்தனை ஊர் இருக்கிறது, பள்ளிக்கூட ஃபுட்பால் பற்றித் தொடர் எடுக்க இவர்களுக்கு நாங்கள்தான் கிடைத்தோம். “நிஜமான ஊர், நிஜமான ஜனங்க, அதாங்க எங்களுக்கு வேணும்” என்கிறாள் கதை எழுதும் பெண் நவோமி. நேற்று வாங்கிய பூட்ஸ், கையில் ஒரு சின்ன நோட்டு. நான் தும்மினால்கூட அதில் எழுதிக்கொள்வாள் போல. பிடிக்கவில்லை எனக்கு. என் மகன் டானரும் அணியின் மற்றப் பையன்களும் படப்பிடிப்பில் மைதான ஓரமாக நிற்கிறார்கள், நடிகர்களுக்குத் தோள்கவசம் மாட்டிக் காட்டுகிறார்கள். ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்காக.

செப்டம்பர் 20, செவ்வாய்

முதல் நாள் ஒளிபரப்பு. தேவாலயக் கூடத்தில் பெரிய திரை கட்டி ஊரே உட்கார்ந்து பார்த்தது. ஏழு மணி.

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஆட்டம் தொடங்கும் முதல் உதையை நான் பார்க்க மாட்டேன். பார்த்தால் டானருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். பெண்கள் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கூட்டத்தின் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு வருவேன். மூன்று வருஷமாக இதுதான். கை கழுவப் போகிறேன் என்றுதான் ஊருக்குத் தெரியும்.

இன்று திரையில் ஒரு அம்மா. கழிப்பறை. குழாய். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்! என்னுடையது போலவே நீலச் சட்டை வேறு. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

இது மூன்று பேருக்குத்தான் தெரியும். என் கணவர் ராய்ஸ், மகன் டானர், ராய்ஸின் தங்கை ஷெரில்.

செப்டம்பர் 22, வியாழன்

யோசித்துப் பார்த்தேன். ராய்ஸ் பஞ்சு ஆலையில் பேசுவதே நாளுக்கு நாலு வார்த்தை. டானர் பதினேழு வயதுப் பையன். அம்மாவைப் பற்றி அந்நியரிடம் பேசுவானா, பேசினால் மானம் போகாதா அவனுக்கு?

ஷெரில் நடத்தும் மோட்டலில்தான் டிவிக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள், பதினான்கு அறை. காலையில் அவள்தான் வாஃபிள் சுட்டுப் போடுகிறாள். எதிரே ஆள் உட்கார்ந்துவிட்டால் அவள் வாய் ஓயாது. வேறென்ன சாட்சி வேண்டும்?

செப்டம்பர் 27, செவ்வாய்

இரண்டாம் வாரம். அந்த அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. மகனைத் தூது விடுகிறார்கள். “அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ரெடின்னு.” “அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசிக்கலன்னு.” இரண்டு பேரும் ஒரே மேஜையில்.

போன ஜூனில் ஒன்பது நாள் எங்கள் வீட்டில் நடந்தது இது. எண்ணெய்க் கிணற்று வேலைக்கு மறுபடி போகிறேன் என்று ராய்ஸ் கிளம்பியபோது. அதை நான் போனில் அழுது சொன்னது ஒரே ஒருத்தியிடம்.

பக்கத்தில் இருந்த ராய்ஸ் பாப்கார்னை மென்றபடி, “நல்லாத்தான் எடுத்திருக்காங்க” என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது!

செப்டம்பர் 29, வியாழன்

ஆட்டத்துக்கு முந்தின நாள் பையன்களுக்கு நாங்கள் போடும் ஸ்பகெட்டி விருந்து. ஷெரில் ரொட்டி கொண்டுவந்தாள். அடுப்படியிலேயே மடக்கிப் பிடித்தேன்.

“என் வீட்டுச் சண்டைய ஊருக்கு வித்துட்டியே, நல்லா இருக்கா?”

“என்ன அண்ணி சொல்றீங்க?”

“குழாய், தூது, எல்லாம். வாஃபிளோட சேத்துப் பரிமாறினியா?”

“ஐயோ, சத்தியமா இல்ல அண்ணி! அவங்க கேக்கறது எல்லாம் துண்டு இருக்கா, ஏசி ஏன் கத்துதுன்னுதான்.”

“நடிக்காத. அந்தத் தொடர்ல உனக்கும் ஒரு வேஷம் குடுப்பாங்க.”

அழுதுகொண்டே போய்விட்டாள். ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு. எனக்கு இரக்கம் வரவில்லை. குற்றமுள்ளவள்தானே அழுவாள்.

அக்டோபர் 4, செவ்வாய்

இந்த வாரம் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றும் இல்லை. ஷெரில் வாயை மூடிவிட்டாள். ஊர்க்கதையை வெளியே சொல்வது அவள்தான் என்று மார்லாவிடமும் சொல்லிவைத்தேன். நான் சொன்னது சரிதான்.

அக்டோபர் 6, வியாழன்

புது ஆள் ஒருவர் மாட்டியிருக்கிறார். பள்ளியில் பையன்களுக்கு அடிபட்டால் கட்டுப்போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஒசூனா. தொடரின் முடிவில் ஓடும் பெயர்களில் அவர் பெயரும் இருக்கிறது. காயங்களுக்கு ஆலோசகராம்! இதை எப்படி நான் இத்தனை வாரம் கவனிக்காமல் விட்டேன்?

இன்று ஏணிக்குக் கீழே வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மிக மரியாதையாக.

“மேடம், டானர் வீட்ல நல்லாத் தூங்கறானா?”

“எங்க வீட்டுத் தூக்கம் உங்களுக்கு எதுக்கு?”

“இல்ல, ஆகஸ்ட்ல எல்லாப் பசங்களுக்கும் கம்ப்யூட்டர்ல ஞாபக டெஸ்ட் வெச்சோமே. பின்னாடி தலையில அடிபட்டா மறுபடி வெச்சு ஒப்பிட்டுப் பாக்க. அதுல அவன் மார்க் ரொம்பக் கம்மி. அதான் கேட்டேன்.”

“பரீட்சைன்னாலே அவனுக்கு ஆகாது. மூணாங்கிளாஸ்லேர்ந்தே அப்படித்தான். இதையும் போய் அந்த நோட்டுக்காரிகிட்ட சொல்லுங்க.”

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பெயின்ட் வாளியை நங்கென்று வைத்தேன். போய்விட்டார். மார்லா கீழிருந்து, “சூப்பர் ரோண்டா, இப்படித்தான் கேக்கணும்” என்றாள்.

அக்டோபர் 11, செவ்வாய்

அந்தத் தொடர்ப் பையன் காலைச் சாப்பாட்டை வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பிடுகிறான். “வீட்டுக்குள்ள என்ன ஸ்டைலு?” என்கிறாள் அம்மா.

நான் கேட்ட அதே கேள்வி! ஒரு மாதத்துக்கு மேலாக டானர் இப்படித்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறான். இது ஷெரிலுக்கும் தெரியாது, ஒசூனாவுக்கும் தெரியாது. எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. எதிர்ப்புறம் அவர்கள் வேனை நிறுத்துகிறார்களே, ஏன் அங்கே? நிழலுக்காம்.

அக்டோபர் 12, புதன்

ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுவிட்டேன். பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. டானருக்கு மட்டும் பிடித்துவிட்டது. “இப்படியே இருக்கட்டும்மா, விளக்கும் வேணாம்” என்றான்.

அக்டோபர் 14, வெள்ளி

ஜெயித்தோம், 24-21. டானர் பதினொரு பேரை மறித்து வீழ்த்தினான். வண்டியில் வரும்போது இரண்டு முறை ஸ்கோர் கேட்டான். பையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்டோபர் 19, புதன்

நவோமியைக் கடைத்தெருவில் பிடித்தேன். “உனக்கு யார் சொல்றது?” என்று நேரடியாகவே கேட்டேன். நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “அத சொல்லக்கூடாதுங்க, நம்பிச் சொன்னவங்க” என்றாள். பிறகு இரண்டடி போய்த் திரும்பி வந்து, “அடுத்த வாரம் கண்டிப்பா பாருங்க. உங்க பையனையும் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

என்ன திமிர்! மிரட்டலா இது? அடுத்த வாரம் என்னத்தை அவிழ்த்துக் கொட்டப் போகிறாள்? ராய்ஸின் குடிப் பழக்கமா? அதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. வேறென்ன இருக்கிறது எங்களிடம்?

அக்டோபர் 25, செவ்வாய்

சொன்னது யார் என்று தெரிந்துவிட்டது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் தலை நிற்காது. திரையில் ஆகஸ்ட் மாதம். அந்தத் தொடர்ப் பையன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறான், ஞாபக டெஸ்ட். பின்னாலிருந்து பெரிய பையன் ஒருவன் காதில் சொல்கிறான்: “வேணும்னே தப்பாப் போடு. இப்ப மார்க் கம்மியா இருந்தாத்தான் பின்னாடி அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது. ஆட விடாம உக்கார வெக்க மாட்டாங்க.” பையன் சிரித்துக்கொண்டே தப்புத் தப்பாக அழுத்துகிறான். அடுத்து பயிற்சி. தலையோடு தலை மோதுகிறது. பஸ்ஸுக்குப் பின்னால் போய் வாந்தி எடுக்கிறான். வீட்டில் அம்மாவிடம், மத்தியானம் சாப்பிட்ட பரிட்டோ சரியில்லை என்கிறான். அம்மா இஞ்சி சோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டு, சங்க வேலை இருக்கிறது என்று தூரிகையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

ஆகஸ்ட் 19. பரிட்டோ. இஞ்சி சோடா. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது? அந்தச் சமையலறையில் நானும் அவனும்தான் இருந்தோம்.

திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் பையன்கள். வழக்கமாக ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இன்று ஐந்து பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டானர் அங்கே இல்லை. வெளியே இருட்டில், ராய்ஸின் வண்டிக்குள், கையால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நீதானா சொன்னது?”

“ம். குழாய் விஷயமும் நான்தான். அது சும்மா சிரிப்புக்கு.”

“இது?”

“யாரோ ஒரு பையனுக்குன்னுதான் சொன்னேன். அந்தப் பையன் நீயான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அவங்க நம்பலன்னு நினைக்கிறேன். ஒசூனா சார்கிட்ட கேட்டிருக்காங்க.”

“எங்கிட்ட ஏண்டா சொல்லல? நான் என்ன வேத்தாளா? ஆட வேணாம்னு சொல்லிடுவேன்னு பயமா?”

கண்ணிலிருந்து கையை எடுத்தான்.

“இல்லம்மா. ஆடுன்னு சொல்லிடுவியோன்னுதான் பயமா இருந்துச்சு.”

கடவுளே. ஊரெல்லாம் தேடினேனே. வண்டி எங்கே நிற்கிறது, யார் எட்டிப் பார்க்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று. மேஜைக்கு எதிரே கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தானே, நான் என்ன செய்தேன்? ஜன்னலுக்குத் திரை தைத்தேன்.

அக்டோபர் 27, வியாழன்

அபிலீன் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரு தடவை பட்ட அடி இல்லையாம். மூன்றாவது இருக்கலாம், நான்காவதும் இருக்கலாம். இந்த வருஷம் ஆட்டம் கிடையாது. இனி என்றைக்குமே கிடையாதா என்று பிறகு சொல்வார். ராய்ஸ் தொப்பியைச் சுற்றிச் சுற்றிக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து டானரின் பிடரியில் கை வைத்தார், எடுக்கவே இல்லை.

வரும் வழியில் ஷெரிலின் மோட்டலில் இறங்கினேன். வாசலிலேயே, “தப்பு என்னுதுதான்” என்றேன். “தெரியும் அண்ணி” என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. நியாயம்தான்.

அக்டோபர் 28, வெள்ளி

இன்று வெளியூர் ஆட்டம். நான் போகவில்லை. மத்தியானம் பஸ் கிளம்புவதற்கு முன்பே பள்ளிக்குப் போய் ஒசூனாவைப் பார்த்தேன். பெயின்ட் வாளியை நான் வைத்த விதம் நினைவுக்கு வந்து, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும் மேடம். இன்னும் கொஞ்சம் அழுத்தி.”

“நான் விட்டாத்தானே சொல்லுவீங்க.”

பின்வரிசையில் தரையைப் பார்த்த ஐந்து பேரின் பெயரையும் சொன்னேன். எல்லாரும் எனக்கு டயாப்பர் காலத்திலிருந்து தெரிந்த பிள்ளைகள். அதில் ஒருவன் மார்லாவின் மகன். கோச்சின் பிள்ளை. ஒசூனா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நிச்சயமாவா?” என்றார். நிச்சயமில்லை, இவர்களும் டெஸ்டில் வேண்டுமென்றே தப்பாகப் போட்டிருப்பார்கள் என்று ஒரு சந்தேகம்தான் என்றேன். சந்தேகப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து ஐந்து வீட்டுக்கும் அவரே பேசினார். ஐந்து பேரும் பஸ் ஏறவில்லை.

நவம்பர் 1, செவ்வாய்

பார்க்கவில்லை. ஏழு மணிக்கு டானர் இருட்டறையில் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசினால் தலை வலிக்கிறது அவனுக்கு, அதனால் பேசவில்லை.

நவம்பர் 4, வெள்ளி

எங்கள் மைதானத்தில் கடைசி ஆட்டம். ஜெயித்திருந்தால் அடுத்த வாரம் மேல் சுற்று. முதல் பாதியிலேயே 34-0, எங்களுக்குத்தான் பூஜ்யம். ஐந்து பேருக்கும் டாக்டர் சீட்டு வந்துவிட்டது, ஒருவனும் ஆடக்கூடாது என்று. ஊர் முழுக்க ஒரே கேள்விதான், போட்டுக் கொடுத்தது யார் என்று. ஷெரிலின் மோட்டல் பலகையில் யாரோ முட்டை அடித்திருக்கிறார்கள்.

மைதானத்தில் சங்கம் நடத்தும் தின்பண்டக் கடையில் தனியாக நின்றேன். யாரும் உதவிக்கு வரவில்லை. சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து மேலே சில்லிக் கறிக்குழம்பு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மார்லா வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. கவுன்டருக்கு மேலே சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“ஷெரில்தானே? நீயே முன்னாடி சொன்னியே, அவதான் ஊர்க்கதையெல்லாம் வெளிய சொல்றான்னு. அவதானே ரோண்டா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். எல்லாருமே நம்பியிருப்பார்கள். அந்த விதையைப் போட்டதே நான்தான்.

“இல்ல. நான்தான். உன் பையன் பேரையும் நான்தான் சொன்னேன்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வாங்கிய காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கடைக்கு ஒருவரும் வரவில்லை. நானே ஷட்டரை இறக்கிவிட்டு வேலிப் பக்கம் போய் நின்றேன்.

எங்கள் பெஞ்சில் அந்தப் பிள்ளைகள், கவசம் இல்லாமல், சாதாரண ஜீன்ஸில். மார்லாவின் மகன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொள்ளட்டும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேரும் இருந்தார்கள்.