பெயர்கள் எழுதிய நான்கு பக்கங்கள்

இன்று காலை கொரட்டூரில் மின்சார ரயில் நின்றபோது நீலச் சட்டை போட்ட ஒருவர் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டையிலிருந்து மெஷின் ஆயில் வாடை அடித்தது. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத, இரும்பும் கருகலும் கலந்த அந்த வாடை. "உங்க அண்ணன் சட்டை மாதிரியே இருக்குடி" என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்குப் பழகவில்லை.

இதே தடத்து வண்டியில்தான் உன்னைப் பார்த்தேன். எண்பதுகளின் நடுவில், லேடீஸ் பெட்டியில். நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா வேலைக்கு வந்து குடியேறிய வீடு அது. தமிழில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, அம்பத்தூர்ப் பக்கத்துப் பேச்சுவழக்கைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். மடியில் செங்கல் கனத்துக்கு ஒரு டேப் ரிக்கார்டர். நீ கொரட்டூரில் ஏறி எதிரே உட்கார்ந்து அதையே பார்த்தாய்.

"இன்னா படிக்கிற?" என்று கேட்டாய். சொன்னேன். "எங்க ஊட்டாண்ட பேசுறதுக்கெல்லாம் பட்டம் தராங்களா?" என்று சிரித்தாய். நீ இயற்பியலில் ஆராய்ச்சி மாணவி என்று அப்புறம்தான் சொன்னாய். "ரெண்டு வருசமா பாட்டில் தண்ணிக்குள்ள சத்தம் உட்டுகினு கீறேன். அது இன்னா வேகத்துல போவுதுன்னு எழுதிகினு கீறேன். யாருக்கு இன்னா லாபம்னுதான் தெர்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமையே உன் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தின் மிச்சத்தில் ஓட்டு வீடு. உன் அண்ணனுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைத்தால் மேலிருந்து இரும்பு வந்து அறையும். நாள் முழுக்க அந்த அறைச்சல்தான். அந்தத் தெருவில் பாதி ஆண்களுக்கு அதே ஷாப்பில் அதே வேலை. அவர்கள் வீட்டுப் பெண்களின் பேச்சைத்தான் நான் ஒவ்வொரு வாரமும் பதிந்தேன்.

ஒன்று என் கண்ணில் பட்டது. உன் அண்ணி என்னைச் "சாப்பிட வாம்மா" என்பார். அண்ணனை மட்டும் "துண்ண வா" என்பார். சசி என்ற உன் அண்ணன் மகள், அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் அம்முவாகிவிடுவாள். அடுத்தடுத்த வீடுகளிலும் இப்படித்தான் இருந்தது. கணவன் மனைவிக்குள் மரியாதைச் சொற்கள் உதிர்ந்து நெருக்கச் சொற்கள் வருவதாக நான் பெருமையோடு குறிப்பு எழுதினேன். என் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் அந்தக் குறிப்பு பிடித்திருந்தது.

நீ அந்த டேப்பை வாங்கி ஐந்து முறை ஓட்டினாய். ஆறாவது முறை பாதியில் நிறுத்தினாய். "இது மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லடி. இது காது."

அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டாய். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாப்பிடன்னா அவுருக்குக் காதுலயே வுழாது. துண்ணன்னா திரும்புவாரு. சசின்னு அவுரு கூப்டுவாரு. நாங்க கூப்டா அவுருக்குப் புரியாது. அத்தான் அம்மு. எல்லா ஊட்லயும் அப்டித்தானே?"

மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும், அதில் 'ச' முன்னால் நிற்கும் என்று நீ எனக்கு விளக்கினாய். ஒரு தெருவே தனக்குத் தெரியாமல் அந்த எழுத்தைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நாம் போன இடத்துக்கு வழித்தடம் எதுவும் இல்லை. நூலகத்தில் என் அலமாரியிலும் புத்தகம் இல்லை, உன் அலமாரியிலும் இல்லை. "தமிழ் படிக்கிற பெண்ணுக்குக் காது நோய் எதற்கு?" என்றார் என் பேராசிரியர். "இதில் சமன்பாடு எங்கே?" என்றார் உன்னுடையவர். கடைசியில், போனால் போகிறது என்று இரண்டு பேரும் ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள்.

ஆய்வகத்திலிருந்து ஒலி உண்டாக்கும் கருவியை ஒயர் கூடையில் வைத்து, மேலே கீரைக்கட்டை வைத்து மூடி வண்டியில் கொண்டுவந்தாய். ஞாயிறு பிற்பகல்களில் வீடு வீடாகப் போனோம். ஆண்கள் முதலில் மறுத்தார்கள். "பேரு வெளிய போவாதில்ல?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். போகாது என்று நீ ஒவ்வொருவருக்கும் சொன்னாய். சோதனை நோட்டில் எண்கள் மட்டும்; எந்த எண் யார் என்பது தனியாக ஒரு சின்ன நோட்டில், நான்கு பக்கம்.

உன் அண்ணனைச் சோதித்த நாளை நான் மறக்க மாட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டதும் உயர்த்த வேண்டிய விரலைத் தொடைமேல் தயாராக வைத்திருந்தார். நீ திருகினாய். மறுபடி திருகினாய். கருவி முழு அளவில் கத்திக்கொண்டிருந்தது. ஹெட்போனுக்கு வெளியே தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே அந்தக் கீச்சொலி கேட்டது. அவர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"போடு பாப்பா, நா ரெடியாத்தான் கீறேன்."

நீ அவரைப் பார்த்து, "மெஷின் ரிப்பேருண்ணா" என்றாய். எழுந்து தோட்டத்துப் பக்கம் போனாய். நோட்டில் நான்தான் எண்ணை எழுதினேன்.

தவணை முடிய ஒரு மாதம் இருந்தபோது ஒரு ஜீப் உன் தெருவுக்குள் வந்தது. பிரஸ் ஷாப் கம்பெனியின் அதிகாரி ஒருவர், மிகவும் மரியாதையானவர், அண்ணி கொடுத்த மோரைக் குடித்தபடி பேசினார். காது பாதித்தவர்களின் பட்டியலைக் கொடுத்தால் வைத்தியம் பார்ப்போம், சுளுவான வேலைக்கு மாற்றுவோம் என்றார். ஜீப் போனபின் உன் அண்ணன் சொன்னார்: "போன வருசம் ரெண்டு பேருக்குக் காது கேக்கலன்னு கண்டுகினாங்க. ரெண்டு பேரும் இப்ப கம்பெனி கேட்டுக்கு வெளிய கீறாங்க. வைத்தியமாம்!"

அடுத்த வாரம் நம் துறைகளுக்கும் கம்பெனியின் கடிதம் வந்துவிட்டது. பெயர்களைச் சரிபார்க்காமல் ஆய்வை ஏற்க முடியாது, திங்கட்கிழமை சின்ன நோட்டோடு வாருங்கள், இல்லையென்றால் ஆய்வே கிடையாது என்று இரண்டு பேராசிரியர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் உன் வீட்டுத் தோட்டத்தில் நாம் சண்டை போட்டோம். அதை இன்று மறைக்காமல் எழுதுகிறேன். கொடுத்துவிடலாம் என்று சொன்னவள் நான். "வைத்தியம் பார்க்கிறோம்னு எழுத்துல கொடுத்திருக்காங்க. நம்ம மூணு வருஷம் போகுதுடி. இதுவரைக்கும் யாருமே தொடாத விஷயம்டி இது" என்று கத்தினேன். ஷிப்ட் முடித்து வந்த அண்ணன் குளிக்க வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. நீ நான்கு பக்கங்களையும் கிழித்தாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்தேன். என் நகம் பட்டு ரத்தம் வந்தது.

"நாம ஆராய்ச்சி பண்றமா, காட்டிக் குடுக்குறமா? அத்த மட்டும் சொல்லு. சொல்லிட்டு நோட்டை எடுத்துனு போ."

கையை விட்டேன். தாள்கள் அடுப்பில் சுருண்டன. எதிரே நின்ற அண்ணனுக்கு நாம் கத்தியதில் பாதிதான் கேட்டிருக்கும். ஆனாலும் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அந்த அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பில் வந்த அதிகாரியும் இருந்தார். நோட்டு எங்கே என்றார்கள். "இல்லை சார். எரிச்சிட்டேன்" என்றாய். பிறகு அந்த அதிகாரி என் பக்கம் திரும்பி, அதே மரியாதையான குரலில், "உங்களுக்கு நினைவிருக்குமே அம்மா?" என்றார். இருந்தது. எண் ஒன்று யார், எண் இரண்டு யார் என்று வரிசையாக நாக்கு நுனிவரை வந்து நின்றது. "நினைவில்லை" என்றேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் உன் செருப்பு என் செருப்பை ஒருமுறை தொட்டது.

நாம் கொடுத்த விலை ஒரே மாதிரி இல்லை என்பதுதான் இத்தனை வருடமும் என்னை உறுத்துவது. என் பேராசிரியர் என்னை மன்னித்து, அம்பத்தூர் வட்டார உறவுமுறைச் சொற்கள் என்று வேறு தலைப்புக் கொடுத்தார். எனக்குப் பட்டம் கிடைத்தது, கல்லூரி வேலை கிடைத்தது. ஆய்வகக் கருவியை வெளியே எடுத்துப் போனதையும் சேர்த்து உன் பதிவை ரத்து செய்தார்கள். நீ முகப்பேரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை ஆனாய். அதைப் பற்றி ஒரு நாளும் நீ என்னைக் குத்திப் பேசியதில்லை. பேசியிருந்தால் தாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

நீ அந்தத் தெருவை விடவும் இல்லை. இருக்கிற காதாவது மிச்சம் இருக்கட்டும் என்று, பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதை அடைத்துக்கொள்ள வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்தாய். அண்ணிமார்கள் டிபன் பாக்ஸோடு பஞ்சையும் வைத்து அனுப்பினார்கள். பிறகு யூனியனே காது அடைப்பான் கேட்டு, பல தடவை கேட்டு, வாங்கியது. பட்டியலில் இருந்த ஒருவருக்கும் வேலை போகவில்லை. உன் அண்ணன் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எண்களை மட்டும் வைத்து நாம் எழுதிய கட்டுரையை ஒரு சின்ன ஆய்விதழ் போட்டது. முதல் பெயர் உன்னுடையது. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "லைப்ரரில இத்த எந்த அலமாரில சொருவுவாங்களோ, பாவம்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

போன மாதம் கணினித் துறை மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். இட்லிக் கடை, காய்கறிக் கடைப் பெண்கள் மனக்கணக்குப் போடும்போது முணுமுணுக்கும் சொற்களை ஆராய வேண்டுமாம். மூன்று துறைகளில் விரட்டிவிட்டார்களாம். இது எந்தத் துறைக்குள் வரும் என்று நான் அவளைக் கேட்கவில்லை. "அவங்க பேரையெல்லாம் எங்கே எழுதி வைப்பே? யாராவது வந்து கேட்டா என்ன செய்வே?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். யோசித்துவிட்டு வா என்று அனுப்பினேன். பேரை எழுதவே மாட்டேன் என்று நான்கு நாள் கழித்து வந்து அவள் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. வழிகாட்டியாக அவள் ஆய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

துறை என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்று அலுவலகம் படிவத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. நாளைக்கு மூன்றாம் முறை அனுப்பப்போகிறேன், அப்படியே.