எதிர்வாசல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. உனக்கு அந்த இருமல் விட்டதா, விடவில்லையென்றால் மறைக்காமல் எழுது. நம் ஊர்க் கம்பெனியில் கணினி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வா என்று எழுதத்தான் கை துடித்தது. அதற்கு முன் போன வாரம் நான் அடித்த கூத்தைக் கேள்.

நம் தெரு உனக்கு மறந்திருக்காது. இரண்டு பக்கமும் கையுறைப் பட்டறைகள், ஜன்னலுக்கு ஜன்னல் கம்பியில் தொங்கும் வெறும் கைகள், காற்றடித்தால் ஆயிரம் பேர் சேர்ந்து யாரையோ வழியனுப்புவது போல் அசையும். விரல் தைக்கத் தெரிந்தவர்கள் வேறு ஊரில் கிடையாது, விரல் தைக்கிற வேலையும் வேறு ஊரில் கிடையாது. அதனால் ஒன்பது முதலாளிகளும் எங்களை ஒன்பது பக்கம் இழுப்பார்கள். கத்தரி எங்கள் சொந்தம். முதலாளி முகத்தைச் சுளித்தால் பேச்சே இல்லை, கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்வாசல் ஏறிவிடுவோம். பாதிப் படி இறங்குவதற்குள் கூலியைக் கூட்டித் திரும்பக் கூப்பிட்டவர்களும் உண்டு. நீ படித்ததே அந்தக் கத்தரியில்தான். மூன்று வருடம் முன் ஒன்பதையும் ஒரே கம்பெனி வாங்கிவிட்டது. பழைய பெயர்ப்பலகைகளை மட்டும் கழற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் மேற்பார்வையாளன், காதருகே ஓயாமல் ரீங்கரிப்பதால் நாங்கள் கொசு என்று கூப்பிடுகிறவன், "ஒரு கட்டைவிரல் தைக்க இவ்ளோ நேரமா, முடியலன்னா வீட்லயே இருக்கறதுதானே" என்றான். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கத்தரி தானாகப் பைக்குள் போனது. தெருவைக் கடந்தேன். கனவில் நடப்பது போல இருந்தது, வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது, கம்பியில் கைகள் அசைகின்றன, அந்தப் பத்தடி தூரம் எனக்கு வயதே இல்லை. எதிர்மாடி ஏறி வேலை கேட்டேன். கணினி முன் இருந்த பெண் என் தொழிலாளர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க நம்ம ஆளுதானே, வேலை நேரத்துல எதுக்கு வெளிய வந்தீங்க" என்று அரைநாள் கூலியை வெட்டினாள். அங்கே தைத்துக்கொண்டிருந்த உன் சித்தி தலை நிமிராமல், "அக்கா, கோவிச்சுக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போறேன்னு நம்ம வீட்டுக் கொல்லைக்கே வந்து நிக்கற" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடமாகக் கூலி நின்ற இடத்திலேயே நிற்கிறதே என்றால் வியாபாரம் மந்தமாம். லாரிகள் தெருமுனை வரை வரிசை கட்டி நிற்கின்றன, இதில் என்ன மந்தம். எங்களுக்குப் போக வேறு இடமில்லை என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நீ வந்தால் உட்காரப்போவது அந்தக் கணினி முன்னால்தான், கண்ணு. ஒருநாள் என் எண்ணை நீயே தட்டவேண்டி வரும். அந்த ஊரில் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது, அறையில் காற்றில்லை என்கிறாய், எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அங்கே உனக்கு எதிர்வாசல் இருக்கிறது. எனவே விண்ணப்பத்தைக் கிழித்துப் போடு. உன் சித்தி சிரித்ததோடு நிற்கவில்லை, வாசல் வாசலாகப் பேசியிருக்கிறாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது வாசலிலும் எல்லோரும் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறோம். இந்தப் பக்கத்தவர்கள் அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தவர்கள் இந்தப் பக்கம், வேலை கேட்க. எல்லோருக்கும் "நீங்க நம்ம ஆளுதானே" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அறுநூறு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடிக்கும் வரை ஒரு விரல்கூடத் தைக்கப்படாது. வேலை போனாலும் போகலாம், அதையும் பேசிவிட்டோம். அப்பாவிடம் சொன்னேன், "போ, கூட்டத்துல கத்தரியத் தொலைச்சிடாத" என்று சொல்லிவிட்டு, இதோ என் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குச் சாணை பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வெந்நீர் குடி, மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. எந்த ஊரில் இருந்தாலும் நீ வெளியேறிப் போக நாலு வாசல் திறந்திருக்கட்டும். திங்கள் காலை பத்து மணிக்கு ஒரு நிமிடம் எங்களை நினைத்துக்கொள், நான் தெரு நடுவில் இருப்பேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா