ஆளுக்கொரு துடுப்பு

சுங்கை லாலாங்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கணவர் குணாளன் அவர்களுக்குத் தேவகி எழுதுவது.

நானும் அத்தையும் இங்கே நலம். நகோயாவில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னீர்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். உங்களுக்குச் சளி பிடித்தால் முதலில் காதுதான் வலிக்கும் என்று அத்தை சொன்னார்.

போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று திகைக்க வேண்டாம். போன் பேசும்போதெல்லாம் அத்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வாட்ஸாப்பில் எழுதினால் நீங்கள் இரண்டு வரி படித்துவிட்டுக் கட்டைவிரலை அனுப்பிவிடுவீர்கள். இந்த விஷயத்துக்குக் கட்டைவிரல் போதாது. அதனால் தொழிற்சாலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அத்தை பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்காவோடு கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நீங்கள் அங்கே பழைய சாமான் கடையில் வாங்கி அனுப்பிய கேம் டிஸ்குகள் வந்து சேர்ந்தன. ஒன்றின் உறை உடைந்திருந்தது. டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் பிடிக்கும் கேம் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "தூண்டிலப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கறதுக்கு நம்மூரு மூடா ஆத்துக்கே போயிறலாம்லா. வீட்டுக்குக் கொழம்பாவது ஆவும்" என்றார். எங்களுக்கு அந்தப் பழைய படகு கேம்தான் சரி.

மாமியாருக்கும் மருமகளுக்கும் இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நானும் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இன்று முழுவதையும் சொல்கிறேன். சொன்னால்தான் நான் கேட்கப்போவது உங்களுக்குப் புரியும்.

நீங்கள் திருமணமான சில மாதங்களிலேயே விமானம் ஏறிவிட்டீர்கள். அதன்பிறகு இந்த வீட்டில் நானும் அத்தையும் பேசிக்கொண்டதெல்லாம் உப்பு போதுமா, கேட்டைப் பூட்டியாச்சா என்பதுதான். சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டுமே. நான் வேலை முடிந்து வந்தால் அவர் அறைக்குள் போவார். அவர் கூடத்துக்கு வந்தால் நான் துணி மடிக்கப் போவேன்.

அத்தைக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. காலை நீட்டிக் கூடத்து நாற்காலியில் உட்கார வேண்டும். எழுந்து போக முடியாது. தொலைக்காட்சியில் எதைப் போட்டாலும் முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் உங்கள் அலமாரியில் இருந்த கேம் பெட்டி ஞாபகம் வந்தது. நீங்கள் முதல் முறை அங்கே பயிற்சிக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்தீர்களே, அதே பெட்டி. கையில் குச்சியைப் பிடித்து வீசினால் திரையிலும் கை வீசும் என்று கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகளிடம் காட்டினீர்கள்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு கடையில் ஆங்கிலத்தில் இருந்த டிஸ்க் ஒன்றை வாங்கிவந்து போட்டேன். பெட்டி அதை உள்ளே இழுத்து, கொஞ்சம் முனகி, வெளியே தள்ளியது. திரும்பப் போட்டேன். திரும்பத் தள்ளியது. பெட்டி கெட்டுவிட்டது என்று பயந்து அந்தக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் லோகேஸ்வரன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இது ஜப்பான் செட்டு. ஜப்பான்ல வித்த டிஸ்கத்தான் ஏத்துக்கும். நம்ம ஊரு டிஸ்கு, அமெரிக்கா டிஸ்கு எதப் போட்டாலும் துப்பிரும். அப்படித்தான் பூட்டி வச்சிருக்கான்" என்றார். திறந்து உள்ளே ஒரு சில்லு வைத்தால் எல்லா டிஸ்கும் ஓடும், ஆனால் பழைய பெட்டி, பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்றார். உங்கள் பொருள் என்பதால் வேண்டாம் என்றேன். "நம்ம கரண்டுல நேரா சொருவிறாதீங்க, பொகஞ்சிரும்" என்று அவர் எச்சரித்த பிறகுதான், பெட்டியின் வயரோடு நீங்கள் கோத்து வைத்திருந்த, செங்கல் மாதிரி கனத்த டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று புரிந்தது.

ஆக, எங்களுக்கு வாய்த்தது நீங்கள் விட்டுப்போன ஜப்பான் டிஸ்குகள் மட்டும். ஓர் எழுத்துகூட எங்கள் இருவருக்கும் தெரியாது. போதாததற்கு அத்தை அந்தக் குச்சியைத் தொடவே மாட்டேன் என்றார். "எங்கப்பாவோட அண்ணன சண்டக் காலத்துல இந்த ரப்பர் தோட்டத்துல இருந்துதான் சப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாத போடக் கூட்டிட்டுப் போனான். போனவரு போனவருதான். அவன் சாமானு எனக்கு எதுக்கு?" என்று கேட்டார். நான் மட்டும் படகு கேமைப் போட்டுத் தனியாக விளையாடினேன்.

படகில் இரண்டு பேர். இடப்பக்கம் ஒரு துடுப்பு, வலப்பக்கம் ஒரு துடுப்பு. ஆளுக்கொரு குச்சி. ஒருவர் மட்டும் துடுப்புப் போட்டால் படகு செக்குமாடாகச் சுற்றும். நானும் சுற்றிக்கொண்டே இருந்தேன். அத்தை கண்ணை மூடித் தூங்குவதுபோல இருந்தார். நான் பாறையில் முட்டி முட்டிக் கவிழ்ந்ததைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கடைசியில் கையை நீட்டினார். "குடு இங்க. படகுக்காரனுக்கு வயித்தக் கலக்கப் போவுது" என்றார்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை அல்லவா, அவர் ஒரு வீச்சு வீசினால் படகு குறுக்கே பாயும். நான் ஈடுகொடுக்க முடியாமல் கத்துவேன். பிறகு அவரே "ஏலேலோ" மாதிரி ஒரு தாளம் பிடித்தார். அந்தத் தாளத்துக்கு இருவரும் வீசியபோது படகு நேராகப் போயிற்று. அன்று நாங்கள் ஒரு துறையைத் தாண்டினோம். அத்தை என் தோளில் ஓர் அடி வைத்தார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கதை என்னவென்று தெரியாததால் நாங்களே ஒரு கதை கட்டிக்கொண்டோம். ஒவ்வொரு துறையிலும் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவான். அவன் திருடன் என்பது அத்தையின் தீர்ப்பு. பார்த்ததும் துடுப்பை வேகமாகப் போட்டுத் தப்பித்துவிடுவோம். பல மாதங்கள் இப்படியே ஆற்றில் பாதிக்கு மேல் போய்விட்டோம்.

ஒருநாள் படகைக் கரையில் விட்டு நிறுத்தப் போகும்போது திரையில் வழக்கமாக வராத ஏதோ கேள்வி வந்தது. கீழே இரண்டு பதில்கள். எப்போதும் இடப்பக்கத்தைத்தான் அமுக்குவோம், அன்றும் அமுக்கினேன். நாங்கள் கடந்த துறைகள், அருவிகள், அத்தை பரிசாகச் சேர்த்த கொடிகள் அத்தனையும் அழிந்து, படகு முதல் துறையில் புதிதாக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தையோ வயிறு குலுங்கச் சிரித்தார். "இப்ப என்ன கெட்டுப்போச்சு? எந்தப் பாற எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும்லா. எடு குச்சிய" என்றார்.

நான் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தது விசாவுக்காக என்று நீங்கள் இத்தனை நாள் நினைத்திருப்பீர்கள். உங்கள் மனம் வருந்தக் கூடாது. நான் சேர்ந்தது அந்தக் கேள்வியைப் படிப்பதற்காக. சனிக்கிழமைகளில் சுங்கைப்பட்டாணியில் சாந்தினி டீச்சரிடம் போய்ப் படித்தேன். முதல் தேர்வில் தேறியபோது நீங்கள் மிகவும் பெருமைப்பட்டீர்கள். நான் வீட்டுக்கு வந்து முதலில் செய்த வேலை, சிவப்புக் கோட்டுக்காரன் என்ன சொல்கிறான் என்று எழுத்துக்கூட்டிப் படித்ததுதான். அவன் திருடனே இல்லை. வழிக்குச் சோறு கட்டிக் கொடுப்பதற்காக ஓடிவருகிறான். அத்தைக்குச் சொன்னேன். "பாவம்லா அந்த மனுசன்" என்று அன்று முழுவதும் வருந்தினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உன் விசா வந்துவிட்டது, என் ஒப்பந்தத்தையும் நீட்டிவிட்டார்கள், நீ கிளம்பி வா, அம்மா செர்டாங்கில் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று போன மாதம் சொன்னீர்கள். என்னிடம் சொன்னீர்கள். உங்கள் அக்கா புஷ்பவள்ளி அண்ணியிடம் சொன்னீர்கள். அத்தையிடம் நீங்கள் சொல்லவில்லை. அண்ணிதான் போனில் சொன்னார். பின்கட்டு அறையை ஒழித்து வைத்திருப்பதாகவும் சொன்னாராம். அண்ணியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நல்ல மனத்தோடுதான் செய்தார்.

அத்தை கோழிகளைச் செல்லாயி அக்காவிடம் கொடுத்தார். சேலைகளை மடித்துப் பையில் வைத்தார். "நீ போய் அவனோட இரு, அதான் நல்லது" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். படகைப் போடலாமா என்று கேட்டால் கை வலிக்கிறது என்றார்.

அதற்கு அடுத்த வாரம் தொழிற்சாலையில் மின்சாரம் போய் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைகிறேன், படகுச் சத்தம் கேட்கிறது. அத்தை நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் ஒவ்வொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வலக்கை ஓங்கி வீசுகிறது. இடக்கை பின்தங்குகிறது. படகு சுற்றிக்கொண்டே இருக்கிறது. முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார். என்ன அத்தை இது என்று கேட்டேன்.

"நீயும் போயிட்டா ரெண்டு பக்கமும் நாந்தானே போடணும். பழகிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றேன். பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடக்கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டேன். அன்று நாங்கள் நேராகத்தான் போனோம்.

அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் முடிவு செய்ததற்குக் கோபப்பட்டால் படுங்கள். நீங்களும் ஒருவரைக் கேட்காமல்தான் முடிவு செய்தீர்கள். நான் வருகிறேன். அத்தையையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். நம் நாட்டுக் கடப்பிதழ் இருந்தால் மூன்று மாதம்வரை அங்கே சுற்றிப் பார்க்க விசா வேண்டாம், விசாரித்துவிட்டேன். அந்த மூன்று மாதத்தில் அவர் உங்கள் வீட்டைப் பார்க்கட்டும், நீங்கள் வேலை செய்யும் இடத்தை வெளியிலிருந்தாவது பார்க்கட்டும். அதன்பிறகு யார் எங்கே இருப்பது என்பதை மூவரும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவோம். அவரைத் தனியாகத் திருப்பி அனுப்ப மாட்டேன். செர்டாங்குக்கு அவர் போவதானால், அவரே ஆசைப்பட்டுப் போக வேண்டும்.

நான் இதை அத்தையிடம் சொன்னபோது சிரித்தார். "என் பெரியப்பாவக் கூட்டிட்டுப் போனவன் ஊருக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா?" என்றார். மறுநாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டே, அங்கே குளிர் முட்டிக்கு ஆகுமா என்று மெல்லக் கேட்டார். நான் உடனே காரை எடுத்தேன்.

கடப்பிதழ் எடுக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்கு, நம் கல்யாணத்தன்று கட்டிய பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் "மக்சிக் நாக் பெர்கி மானா?" என்று எங்கே போகிறீர்கள் எனச் சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "ஜெப்புன். தெங்கோ அனாக்" என்றார். மகனைப் பார்க்கப் போகிறாராம். அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. கடப்பிதழ் இப்போது சாமி அறையில் குங்குமப் பொட்டோடு இருக்கிறது.

ஆனால் ஒன்று. நான் கூப்பிட்டதால் மட்டும் அவர் விமானம் ஏற மாட்டார். "அவன் ஒண்ணும் சொல்லலியே" என்று ஒரு தடவைதான் சொன்னார். அதற்குமேல் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்.

அதனால், இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, பகலில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து கூப்பிடுங்கள். உங்கள் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கே தோன்றியதுபோல "அம்மா, நீங்களும் வாங்கம்மா" என்று கேளுங்கள். உடனே சரி என்று சொல்லமாட்டார். முட்டி என்பார், குளிர் என்பார், வீட்டை யார் பார்ப்பது என்பார். அவர் சொல்லி முடிக்கட்டும். முடித்ததும் திரும்பவும் கேளுங்கள். "பார்க்கலாம்" என்ற சொல்லை மட்டும் அன்று வாயில் எடுக்காதீர்கள்.

மாரியம்மன் உங்களுக்குத் துணை இருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வீட்டில் போர்வை ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னீர்கள், இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள்.

உங்களிடம் வந்துகொண்டிருக்கும்,
தேவகி